ஆமாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

மஸ்கட்டில் நான் நலம். உங்கள் இருமல் குறைந்ததா? புதன்கிழமை மதுரையில் உங்களுக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று அம்மா சொன்னாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை.

போன மாதம் இங்கே எங்கள் ஆஸ்பத்திரியில் உசிலம்பட்டிக்காரர் ஒருவருக்கு முழங்கால் மூட்டு ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கும் முன் எல்லாவற்றையும் கேட்டுச் சரிபார்ப்பது என் வேலை.

"வலது காலாண்ணே?"

"ஆமாம்மா."

அவர் யோசிக்காமல் சொன்னதால், "இடது காலா?" என்றும் கேட்டேன்.

"ஆமாம்மா. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

"நான் சொல்றது கெடக்கட்டும். வலிக்கிற காலைத் தொட்டுக் காட்டுங்க."

இடது காலைத் தொட்டார். தாளில் வலது என்று இருந்தது. திருத்திவிட்டோம், இப்போது நன்றாக நடக்கிறார். அதன்பின் எங்கள் ஆபரேஷன் தியேட்டரில், ஆமாம் என்று சொல்லித் தப்பிக்கும்படி யாரும் கேள்வி கேட்பதில்லை.

நீங்களும் டாக்டர் எதைக் கேட்டாலும் "சரிங்கய்யா" என்பவர்தான். புதன்கிழமை அது வேண்டாம். உங்கள் பெயரையும் எந்தப் பக்கம் என்பதையும் அவர்கள் கேட்காவிட்டாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் போகாதீர்கள். அழகுராஜா அண்ணன் காரில் போங்கள். அம்மாவை போனுக்கு சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

தினமும் யார் யாரிடமோ கேட்கிறேன், அப்பா. உங்களிடம் கேட்கத்தான் நான் பக்கத்தில் இல்லை.

டூட்டி வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்
நாகஜோதி