மண்ணெண்ணெய் அட்டையில் விடுபட்ட நான்கு பெயர்கள்

அனுப்புபவர்:
வே. சின்னராசா,
நான்காம் மாடி, தொடர்மாடி வீடுகள்,
மட்டக்குளி, கொழும்பு 15.

பெறுநர்:
மண்ணெண்ணெய்ப் பங்கீட்டுப் பொறுப்பதிகாரி அவர்கள்,
கொழும்பு 15.

விடயம்: இரண்டு பேர் எனப் பதியப்பட்ட எமது வீட்டு அட்டையை ஆறு பேர் எனத் திருத்தித் தருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் அட்டைக்குக் கிழமைக்கு இரண்டு லீற்றர் தருகிறார்கள். வீட்டில் இருப்பது ஆறு பேர். காஸ் சிலிண்டரைக் கண்ணால் கண்டு மூன்று மாதம். எண்ணெய் முடிந்தால் பலகை எரிக்கிறோம். முதலில் அலுமாரி, இப்போது கட்டில். நான்காம் மாடியில் புகை போக வழியில்லை. பேத்தி மிதுனாவுக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கிறது. சென்ற கிழமை மட்டும் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

2. பிழை வந்த விதத்தை மறைக்காமல் சொல்கிறேன். சென்ற மாதம் அட்டை பதிய இராணுவத்தினர் வீடு வீடாக வந்தார்கள். மகன் ராகுலன் துறைமுகத்தில் கூலி வேலைக்கும், மருமகள் ஜீவராணி பிள்ளைகளோடு பாண் வரிசைக்கும் போயிருந்த நேரம். ஒருவர் கொப்பியைத் திறந்து, "சீயா, கீ தெனெக் இன்னவத?" என்று சிங்களத்தில், எத்தனை பேர் இருக்கிறீர்கள் எனக் கேட்டார். நானும் மனைவி சீனியம்மாவும் மட்டுந்தான் என்றேன். கொடியில் பிள்ளைகளின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துவிட்டும் இரண்டென்றே எழுதிக்கொண்டு போனார்.

3. 1996 மாசி மாதச் சுற்றிவளைப்பிலும் கொப்பியோடுதான் வந்தார்கள். அன்றும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஒளிக்க என்ன இருக்கிறது என்று வீட்டிலுள்ள நான்கு பேரையும் பெயரோடும் வயதோடும் சொன்னேன். மூத்த மகன் சுமனுக்குப் பத்தொன்பது வயது. சாரமும் நீலச் சேர்ட்டும் உடுத்தியிருந்தான். விசாரித்துவிட்டு அனுப்புவதாகக் கூட்டிப்போனார்கள். இன்றுவரை அனுப்பவில்லை. அன்றிலிருந்து யார் கொப்பியோடு வந்தாலும் என் வாய் குறைத்துத்தான் சொல்லும்.

4. "மாமா, அவங்க எண்ணெய்க்குத்தானே கேட்டாங்க" என்று மருமகள் அழுத பிறகுதான் செய்த பிழை எனக்கு விளங்கியது. மறுநாளே எண்ணெய் ஊற்றும் பெற்றோல் செட்டில் நிற்கும் இராணுவத்தினரிடம் போனேன். கந்தோருக்குப் போகச் சொன்னார்கள். தங்கள் கந்தோரில், கொப்பி ஆமியுடையது, அவர்களிடமே போ என்றார்கள். இப்படி ஐந்து முறை அலைந்துவிட்டேன். கடைசித் தடவை, பொய் சொன்னதற்கு வழக்குப் போடலாம் என்றார் ஓர் எழுதுவினைஞர். சொன்னது பொய்தான் ஐயா. அதற்கு என்னைப் பிடியுங்கள். பிள்ளையை ஏன் புகையில் வைக்கிறீர்கள்?

5. ஆகவே ராகுலன், ஜீவராணி, மிதுனா, பேரன் மிதுஷன் ஆகிய நால்வரையும் அட்டையில் சேர்த்துத் தாருங்கள். இப்பெயர்கள் எண்ணெய்க்கு மட்டும் கொடுக்கப்பட்டவை, வேறெதற்கும் அல்ல என்று சிங்களத்தில் ஒரு வரி எழுதி, முத்திரை குத்தியும் தாருங்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது. கதவைத் தட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வே. சின்னராசா
(இடது பெருவிரல் அடையாளம்)

சொல்லக் கேட்டு எழுதியவர்: நப்லா, மூன்றாம் மாடி
இடம்: மட்டக்குளி
திகதி: 21.06.2022