ஜீரோ நம்பர் எமரி

9.10.1973

அரக்கோணத்திலிருந்து கடிதம். பையன் போட்டோ எல்லோருக்கும் பிடித்துவிட்டதாம். இங்கேயே, லாலாகூடாவில் பெண்ணின் அத்தை வீடு இருக்கிறது. ஜனவரி இருபதாம் தேதி அங்கே வருகிறார்கள், பெண்ணை அங்கேயே பார்த்துக்கொள்ளலாமாம். பெயர் கிரிஜா.

கமலம் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தப் போட்டோவில் இருப்பது நானா? ஸ்டூடியோக்காரர் நெகடிவில் பென்சில் ஓட்டி, இரண்டு கன்னத்துப் பருத் தழும்புக் குழிகளையும் அடைத்துவிட்டார். நான் கேட்கவில்லை. ஆனால் பார்த்ததும் சந்தோஷப்பட்டேனே! கவரில் வைத்து ஒட்டி, மாரெட்பள்ளி தபால் பெட்டியில் போட்டதும் இந்தக் கைதானே!

இன்னும் நூற்று மூன்று நாள்.

14.10.1973

அக்காவிடம் சொன்னேன், வேறு போட்டோ அனுப்பலாம் என்று.

"உன் மூஞ்சியை யாருடா பாக்கறாங்க வரதா? வேலையைப் பாக்கறாங்க. நீ என்ன சினிமாவுலயா நடிக்கப்போற?"

அவளுக்கு என்ன! பதினாறு வயதிலிருந்து பஸ்ஸில் எதிரே உட்காருபவனின் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே வாழ்பவன் நான்.

3.11.1973

ஒருவழியாகத் தோல் டாக்டரிடம் போனேன். மஞ்சள், சந்தனம், எலுமிச்சை, இரண்டு டியூப் க்ரீம், எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பரு உள்ளே ஆழமாகப் புண்ணாகி ஆறும்போது, அடியில் தழும்பு கட்டித் தோலைக் கீழே இழுத்துக்கொள்கிறது. அதுதான் குழி. மேலே பூசுவது எதுவும் அந்த இழுப்பை விடுவிக்காது. "பிதுக்கினீர்களா?" என்றார். பிதுக்காமல்? ஊக்கு வைத்தே குத்தியிருக்கிறேன்.

வைத்தியம் உண்டாம். தோலை மரத்துப்போகச் செய்து, வேகமாகச் சுழலும் கம்பி பிரஷ்ஷால் குழியின் விளிம்பைத் தேய்த்து இறக்குவார்கள். குழி நிரம்பாது. ஓரம் சரிந்தால் நிழல் குறையும், அவ்வளவுதான். பாதி குறைந்தாலே பெரிய விஷயம். பத்து நாள் பொருக்கு, பல மாதம் வெயில் படக்கூடாது. நம் நிறத்துக்குக் கறுத்துப்போகவும் கூடும்.

ஜனவரிக்குள் செய்ய முடியுமா என்றேன். "தேதி பார்த்துச் செய்கிற காரியம் இல்லை இது. மழைக்காலத்தில் வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்.

மழைக்காலமாம். யார் காத்திருப்பது?

5.11.1973

டாக்டர் சொன்னது என் வேலைதானே? பாலாநகர் ஃபேக்டரியில் ஆறு வருடமாகக் கிரைண்டிங் செக்ஷன், இரும்பைத் தேய்க்கிற வேலை. பள்ளத்தை நிரப்ப முடியாது, மேட்டைத்தான் இறக்கணும். இதைப் புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்லித் தருபவனே நான். மயிரிழை அதிகம் இறங்கினால் ஜாப் ஸ்கிராப், உருப்படியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எனக்கு ஸ்கிராப் ஆனதே இல்லை.

நானே தேய்த்துக்கொண்டால் என்ன என்று பக்கத்து மெஷின் அப்துல் ரஹீமிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். வாயிலிருந்த பீடியை எடுத்துவிட்டார். "நக்கோ மியான், நக்கோ! சம்டா ஹை, லோஹா நை!" வேண்டாமாம். இது தோலாம், இரும்பு இல்லையாம். எனக்குத் தெரியாதா?

25.11.1973

செய்துவிட்டேன்.

அக்காவும் அவள் வீட்டுக்காரர் மாமாவும் கோவிலுக்குப் போயிருந்தார்கள். ஃபேக்டரியில் இரும்பு தேய்க்கும் ஜீரோ நம்பர் எமரி ஷீட், சோப்புத் தண்ணீர், இடது கன்னம் மட்டும். முதலில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று — கையை எப்போது நிறுத்தணும்னு தெரியாதவனா நான்? ரத்தம் கசிந்த பிறகுதான் நிறுத்தினேன். எரிகிறது. தலையணையில் கன்னம் வைக்க முடியவில்லை. அக்காவிடம் சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றேன்.

5.12.1973

பொருக்கு உதிர்ந்தது. உள்ளே ரோஜா நிறம், வழவழ! அடேயப்பா, டாக்டராவது மண்ணாவது!

21.12.1973

கறுத்துவிட்டது. பாதிக் கன்னம் தோசை தீய்ந்தாற்போல். குழிகள் அப்படியே இருக்கின்றன. முழு மடையன்டா நீ, வரதராஜா!

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். கறுப்பு மங்குமாம், ஆறு மாதமோ ஒரு வருடமோ. வெயிலில் அலையாதே, அதைத் தொடாதே என்றார். கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் இப்போது வைத்தியம். முப்பது நாள்தான் இருக்கிறது.

20.1.1974

லாலாகூடா. போகாமல் இருந்துவிடலாமா என்று மூன்று முறை சட்டையைக் கழற்றினேன். அக்கா இழுத்துக்கொண்டு போனாள்.

பெண்ணின் அப்பா நாராயணசாமி சட்டைப் பையிலிருந்து போட்டோவை எடுத்தார். பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பையில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு அரக்கோணத்தில் மழை இல்லை என்பதைப் பற்றியே பேசினார்.

கிரிஜா காப்பி கொண்டு வந்தாள். அக்கா, "சைக்கிள்ல விழுந்துட்டான் பாவம்" என்று ஆரம்பித்தாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ — "விழலை. எமரி பேப்பர் போட்டு நானே தேச்சுக்கிட்டேன்" என்றேன். கிரிஜா தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "வலிச்சுதா?"

காப்பியை மடமடவென்று குடித்துவிட்டேன். பன்னிரண்டு வருடத்தில் எத்தனை பேர் எத்தனை மருந்து சொல்லியிருப்பார்கள்! இதை ஒருத்தர் கேட்டதில்லை.

ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறார்களாம். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

4.2.1974

கடிதம் முந்தாநாளே வந்துவிட்டது. "பையன் முகத்தில் எங்களுக்குக் குறை இல்லை. எங்கள் வீட்டிலும் அம்மைத் தழும்பு உள்ளவர்கள் உண்டு. வேறு முகத்தை அனுப்பிவைத்ததுதான் மனதுக்கு ஒப்பவில்லை. மன்னிக்கவும்."

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. முகத்துக்காக வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அது பழக்கம். இதை எதை வைத்துத் தேய்ப்பது?

6.2.1974

நானே எழுதிப் போட்டேன், அக்காவிடம் காட்டாமல். போட்டோ பொய் என்று தெரிந்தே அனுப்பியவன் நான், அக்கா இல்லை. உங்கள் மகள் ஒன்று கேட்டார், அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. வலித்தது. இவ்வளவுதான்.

11.3.1974

பதில் இல்லை. தபால்காரரைப் பார்த்தாலே கோபமாக வருகிறது.

2.4.1974

நாராயணசாமியின் கார்டு. நான்கு வரி. "பெண் ஒரே பிடிவாதமாக இருக்கிறாள். மேலே பேசலாம்."

19.5.1974

ரயில் ஸ்டிரைக். ரயில்வேயில் இருக்கிற மாமாவும் வேலைக்குப் போகவில்லை. கல்யாண முகூர்த்தம் ஜூன் ஐந்துக்குத் தள்ளிப்போய்விட்டது. இதற்குமா தடை!

14.6.1974

காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டிருந்தேன். கிரிஜா என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். நல்ல வெளிச்சம். கறுப்பு கொஞ்சம் மங்கியிருக்கிறதாம். மழைக்காலத்தில் டாக்டரிடம் போவதா வேண்டாமா, இன்னும் தெரியவில்லை. "போனா நானும் வருவேன், எவ்வளவு வலிக்கும்னு நான்தான் கேப்பேன்" என்றாள்.

பிறகு விரலை வைத்து எண்ண ஆரம்பித்தாள். இடது கன்னத்தில் இருபத்து மூன்று வரை வந்து, சிரிப்பு வந்து கணக்கு விட்டுப்போய், மறுபடி ஒன்றிலிருந்து. நான் முகத்தைத் திருப்பவில்லை. ஃபேக்டரி பஸ் போய்விட்டது.