கட்டைவிரலுக்கு ஒரு வேலை

மார்ச் 3

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். இன்று காற்றழுத்தம் பற்றிய பாடம். வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே பாடம்தான் நடக்கிறது.

அக்காவின் பந்தய பைக்கில், காற்றழுத்தத்தால் கியர் மாற்றும் ஏர் ஷிஃப்டர் போடப் போகிறோம். எதைப் போடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. "மருந்துச் சீட்டையே மூணு தடவை படிக்கிறவ நீ. நீயே பாத்துச் சொல்லு," என்றாள்.

போன வருடம் விழுந்ததில் அவளுடைய இடது கணுக்காலில் ஒரு தகடும் சில திருகுகளும் குடியேறிவிட்டன. கியர் லீவரைப் பாதத்தால் தூக்க முடியவில்லை. மிதித்தால் கியர் ஏறுகிற மாதிரி லீவரைத் திருப்பிப் போட்டும் பார்த்தோம். மிதித்தாலும் வலிக்கிறது. பந்தயம் நேர் ஓடுபாதையில் நானூறு மீட்டர், முழுசாகப் பத்து நொடிகூட இல்லை, அதற்குள் ஐந்து முறை கியர் மாற்ற வேண்டும்.

இன்னொரு முறை அதே இடத்தில் அடிபட்டால் பாதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா கட்டிலில் படுத்துக்கொண்டே மாமாவுக்கு வாக்குக் கொடுத்தாள். ஒரே ஒரு மீட். அந்தப் பந்தயத்தோடு வண்டியை விற்றுவிடுவாள். மாமா சரி என்றார். அக்காவின் வீட்டுக்காரரான அவர் அதிகம் பேசமாட்டார், ஆனால் வாக்கை மறக்கவும் மாட்டார்.

அந்த மீட் மாதக் கடைசி ஞாயிறு.

மார்ச் 6

புரிந்துவிட்டது. எழுதி வைத்தால்தான் எனக்குத் தங்கும்.

ஒரு பாட்டிலில் அடைத்த காற்று. கியர் லீவரோடு இணைந்த சின்ன சிலிண்டர். வால்வு திறந்தால் காற்று பாய்ந்து லீவரைத் தள்ளும். அந்தக் கண்ணிமைக்கும் நேரம் இன்ஜினின் பொறியை ஒரு சின்ன மின்னணுப் பெட்டி நிறுத்திவைக்கும். கிளட்ச் பிடிக்க வேண்டாம், ஆக்சிலேட்டரை விட வேண்டாம், காலுக்கு வேலையே இல்லை.

கேள்வி இதுதான்: வால்வைத் திறக்கச் சொல்வது யார்? ஹேண்டில்பாரில் பட்டன் வைத்தால் ஓட்டுகிறவரின் கட்டைவிரல். ஆட்டோமேட்டிக் என்றால் பெட்டியே இன்ஜினின் சுற்றை எண்ணிக்கொண்டிருக்கும். நாம் சொன்ன எண்ணைத் தொட்டதும் தானே மாற்றிவிடும்.

மார்ச் 8

மெக்கானிக்கிடம் போனோம். வேலை செய்யும்போது முணுமுணுவென்று பாடிக்கொண்டே இருப்பதால் அவருக்குப் பாட்டுக்காரர் என்று பெயர். ஒரு பாட்டையும் முடித்ததில்லை.

அவருக்குக் காற்றே பிடிக்கவில்லை. "கரண்டுல தள்ற மாதிரி போடுங்கம்மா. காத்துன்னா எங்கயாவது ஒழுகும்."

"உங்க கடையில கரண்டு கசியாதா?" என்றாள் அக்கா. "போன தடவை பேட்டரியைத் தொட்டு என் கை மரத்துப் போச்சு."

"அது பழைய ஒயரு."

"வண்டியும் பழசுதாண்ணே. ஓட்டுறவளும் பழசுதான்."

காற்றுதான் என்று முடிவாயிற்று. பட்டன் வைப்பதானால் ஹாரன் பட்டனையே அதற்கு மாற்றிவிடலாம் என்றார். அப்போது ஹாரன் இருக்காதே என்றேன். "உங்க அக்கா ஹாரன் அடிக்காம நானூறு மீட்டர் போவாங்கன்னா நானே காசு குடுத்துப் பாக்க வரேன்." அக்கா சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

மார்ச் 11

அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தேன்.

"பட்டன் போதும்டி," என்றாள் திடீரென்று. மாவு ஒட்டிய கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

"ஏன்?"

"சும்மாதான். கையாவது இருக்கட்டும்னு."

நான் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன். கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்துவதற்குள் ஒவ்வொரு கியரிலும் எவ்வளவு நேரம் போகிறது என்று வரைபடம் போட்டிருந்தேன். ஐந்து கியருக்கும் சேர்த்தால் எவ்வளவு என்றும் காட்டினேன். பட்டனும் ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்து இருந்தால், பெட்டி மாற்றிய பிறகு இவள் பழக்கத்தில் அழுத்தி இரண்டு கியர் தாண்டிப் போகலாம், அதனால் பட்டனே வேண்டாம் என்றும் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். இடையில் அவள் "லேட்டு" என்றபோது "தாமதம் இல்லக்கா, வினையாற்ற ஆகும் நேரம்" என்று திருத்தக்கூடச் செய்தேன்.

அவள் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டைவிரலில் இருந்த மாவைத் துடைத்தாள்.

"சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மார்ச் 12

ஆட்டோமேட்டிக் என்று பாட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 19

எல்லாம் பொருத்தியாயிற்று. பெட்டியோடு ஒரு சிவப்புப் பட்டனும் அதன் ஒயரும் வந்திருந்தன. ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு என் மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டேன். என்ன ஒழுங்கு, என்ன நேர்த்தி.

மார்ச் 22

முதல் சோதனை ஓட்டம். வெயில், காய்ந்த ஓடுபாதை. அவள் வாழ்க்கையிலேயே இவ்வளவு வேகமாக ஓட்டியதில்லை. நேரத்தைப் பார்த்துப் பாட்டுக்காரர் பாட்டையே நிறுத்திவிட்டார்.

ஹெல்மெட்டைக் கழற்றிய அக்காவிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாயிருந்துது. பஸ்ல வந்த மாதிரி."

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

மார்ச் 29

எழுத வரவில்லை. நாளை.

மார்ச் 30

நேற்று காலையில் தூறியது. பாதையைத் துடைத்து உலர்த்தினார்கள், இருந்தும் நடுவில் ஈரம் முழுசாகப் போகவில்லை. தூறல் நின்றால் ஓட்டலாம் என்றார்கள். ஈரமான பாதையை நான் கணக்கில் சேர்த்தேனா? சேர்த்திருந்தேன் — டயரின் காற்றைக் கொஞ்சம் குறைத்தேன். அவ்வளவுதான். பெட்டிக்கு ஈரம் என்றால் என்னவென்று தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் சுற்றில் ஜெயித்தாள். இரண்டாவதில் பக்கத்துப் பாதையில் பச்சை வண்டிக்காரி. மூன்று வருடமாக அக்கா தோற்கடிக்க நினைப்பது அவளைத்தான்.

விளக்கு மாறியது. கிளம்பியதும் பின்சக்கரம் வழுக்கிச் சுழன்றது. வண்டி நகர்வதற்கு முன் இன்ஜினின் சுற்று எகிறிவிட்டது. பெட்டிக்கு எண்தான் கணக்கு. எண் வந்தது, இரண்டாவது கியர் போட்டது. மறுபடி வழுக்கியது, மறுபடி எண் வந்தது, மூன்றாவதும் போட்டது. அவ்வளவு மெதுவாகப் போகிற வண்டிக்கு மூன்றாவது கியர். இன்ஜின் மூச்சடைத்து இருமியது. பச்சை வண்டி போய்க்கொண்டே இருந்தது.

அவள் விழவில்லை. முதலில் அதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

கூட்டத்தில் யாரோ என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "நான்தான் ஆக்சிலேட்டரை அளவில்லாம முறுக்கிட்டேன்," என்றாள். என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை.

வரும் வழியில் வேனில் மாமா ஓட்ட, நானும் அவளும் பின்சீட்டில். அக்கா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"வழுக்குதுன்னு உக்காந்த எடத்துலயே தெரிஞ்சுதுடி. பொறு, பொறுன்னு சொன்னேன். யாருகிட்ட சொல்றது?"

நான் மன்னிப்புக் கேட்டேன். "அட, விடு," என்றாள். "வெய்யில் அடிச்சிருந்தா உன்னைத் தலையில வெச்சு ஆடியிருப்பேன்."

வெயில் அடித்திருந்தால் அவள் ஜெயித்திருப்பாள். அதுவும் உண்மைதான். ஜெயித்துவிட்டு, பஸ்ஸில் வந்த மாதிரி இறங்கியிருப்பாள்.

ஏப்ரல் 2

அச்சகத்தில் ஒரு பக்கத்தில் நான்கு பிழைகளை விட்டுவிட்டேன். மேலாளர் வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார்.

ஏப்ரல் 5

எவ்வளவு படித்தேன். எத்தனை பேருடைய அனுபவக் குறிப்புகள், எத்தனை ஒப்பீடுகள். எது வேகம் என்று ஊர் உலகத்தையெல்லாம் கேட்டேன். இரண்டடி தள்ளி மாவு பிசைந்துகொண்டிருந்தவள் "கையாவது இருக்கட்டும்" என்றாள். கால் போனவள் சொல்கிறாள் கையாவது என்று. அந்த "ஆவது" என் காதில் விழாமல் இல்லை. மற்றவர்கள் எழுதிய வாக்கியத்தில் அப்படி ஒரு சொல் இருந்தால் அடிக்கோடு போட்டிருப்பேன்.

அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு மீட். அதில் ஓட்டத்துக்கு ஐந்து முறை. அந்த ஐந்தையும் பெட்டியிடம் கொடுத்துவிட்டேன். நானா கொடுத்தேன்? நானேதான்.

ஏப்ரல் 9

வண்டி வாங்க ஒருத்தர் வந்தார். மண்டியிட்டு ஷிஃப்டரைப் பார்த்தார். "ஆட்டோமேட்டிக்தானே? அதுக்காகத்தான் வந்தேன்," என்றார். அக்கா அவருக்கு எல்லாம் விளக்கிச் சொன்னாள், என் வரைபடத்தில் இருந்ததைக்கூட. "வினையாற்ற ஆகும் நேரம்" என்றாள், ஒரு எழுத்து பிசகாமல்.

பத்து நாளில் வந்து எடுத்துக்கொள்வாராம்.

ஏப்ரல் 18

வண்டியை நாளை எடுத்துப் போகிறார்கள்.

மதியம் பாட்டுக்காரரைக் கூப்பிட்டேன். இழுப்பறையில் இருந்த பட்டனையும் ஒயரையும் கொடுத்தேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பட்டனைப் பொருத்தினார், ஒயரைச் செருகியதும் பெட்டி எண்ணுவதை நிறுத்திவிட்டு விரலுக்குக் காத்திருக்கும் என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "நாளைக்குக் காலையில வந்து கழட்டிடறேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா ஷெட்டுக்கு வந்தாள். பட்டனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நான் வாக்குக் குடுத்திருக்கேன்டி."

"தெரியும்."

வண்டி ஸ்டாண்டில் இருந்தது, பின்சக்கரம் தரையில் படாமல். அவள் கொஞ்ச நேரம் அதையே சுற்றி வந்தாள்.

"ஓட்ட மாட்டேன்னுதானே சொன்னேன்? உக்கார மாட்டேன்னு சொல்லலையே."

ஏறி உட்கார்ந்தாள். இன்ஜினைக் கிளப்பினாள். சுவர் அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் தலையை நீட்டி, "என்னம்மா, வீட்டையே எங்கயாவது ஓட்டிக்கிட்டுப் போகப் போறீங்களா?" என்று கத்தினார். அவள் கையை ஆட்டினாள்.

சத்தம் கேட்டு மாமா வந்து வாசலில் நின்றார். அவர் உள்ளே வந்து, ஸ்டாண்டு ஆடாமல் இருக்க அதன் ஒரு பக்கத்தைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

குனிந்து கையாலேயே முதல் கியரைப் போட்டாள். பின்சக்கரம் சுழலத் தொடங்கியது. கொஞ்சம் முறுக்கினாள். காத்திருந்தாள். கட்டைவிரல் அழுத்தியது. டக். இரண்டு. மறுபடி முறுக்கல், மறுபடி டக். மூன்று, நான்கு, ஐந்து. வண்டி அப்படியே நின்ற இடத்தில் நின்றது. சக்கரத்தின் காற்றில் மூலையில் கிடந்த பழைய செய்தித்தாள்கள் எல்லாம் எழுந்து பறந்தன.

ஆறாவதுக்கு அழுத்தியபோது டக் வரவில்லை. உஸ் என்று ஒரு சத்தம் மட்டும். பாட்டிலில் இருந்தது மீட்டில் மிச்சமான காற்று, அதுவும் தீர்ந்துவிட்டது.

இன்ஜினை அணைத்தாள். காதுக்குள் ரொம்ப நேரம் இரைந்துகொண்டே இருந்தது.

"காத்து அடிச்சிட்டு வரவாக்கா?"

"வேணாம்." இறங்கவில்லை. கட்டைவிரல் பட்டன் மேலேயே இருந்தது. "ரெண்டாவதுல இருந்து மூணாவதுக்குக் கொஞ்சம் பொறுத்துப் போட்டேன். கவனிச்சியா?"

"கவனிச்சேன்," என்றேன்.

எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது.