ஃபிரிட்ஜ் இன்னும் சரியாகவில்லை

மார்ச் 4, செவ்வாய்

ஃபிரிட்ஜ் இன்றும் உறுமுகிறது. பால் திரிந்துவிட்டது.

இவருக்கு – என் வீட்டுக்காரருக்கு – குளிர்பதனக் கிடங்கில் வேலை. பகல் முழுக்கக் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு உறைந்த மீன் பெட்டிகளுக்கு நடுவே நிற்கிறவர். வீட்டுக்கு வந்ததும் கேட்பது ஒரு தம்ளர் சில்லென்ற தண்ணீர். அதுதான் இல்லை. கம்பெனிக்குச் சொல்லித் தொலையேன் என்று கத்தினார்.

போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை. சாட்டில் போனேன். என்ன மாதிரிச் சத்தம் வருகிறது என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். அந்தக் கால நாடகங்களில் இடி இடிப்பதற்குத் தகரத்தை ஆட்டுவார்களே, அந்த மாதிரி என்று அடித்தேன்.

வெகுநேரம், அந்தப் பக்கம் எழுதுவதைக் காட்டும் மூன்று புள்ளிகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. பிறகு பதில் வந்தது: “தகரம் ஆட்டியது சின்ன நாடகக் கம்பெனிகள். பெரிய கம்பெனிகளில் மரப்பெட்டிக்குள் இரும்புக் குண்டை உருட்டுவார்கள். உங்களுடையது எந்த ரகம்?”

நாடகத்தைக் கேட்கிறாரா, ஃபிரிட்ஜைக் கேட்கிறாரா? நாடகத்துக்கே பதில் சொன்னேன்.

அதற்கப்புறம் நேரம் போனதே தெரியவில்லை. ராஜா கட்டிப்பிடிக்கும்போது அவருடைய மீசை ராணியின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டதையும், ராணி மீதி வசனத்தை மீசையோடேயே பேசி முடித்ததையும் அவர் சொன்னார். கறுப்பு வெள்ளைப் படமொன்றில் சக்கரவர்த்தி கையில் வாட்ச் தெரிவதை நான் சொன்னேன். எந்த வருஷப் படம் என்று எழுதினால் எண்கள் எல்லாம் நட்சத்திரக் குறிகளாக மாறிவிடுகின்றன. வாடிக்கையாளர் பாதுகாப்புக்காம். வருஷங்களை எழுத்தில் எழுதிக்கொண்டோம்.

ஃபிரிட்ஜ் என்ன மாடல் என்று கடைசிவரை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

மெக்கானிக் வந்தார். அடுப்படியில் அவர் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் படுத்திருக்க, நான் அதே சாட்டில் இருந்தேன். சாட்டின் அந்தப் பக்கத்துக் குளிர்காரர் – இனி அவருக்கு இதுதான் பெயர் – ஒரு பெரிய விஷயத்துக்கு வந்திருந்தார். இரண்டு ராணிகள் வரும் அந்தப் பழைய படத்தில் இரண்டாம் ராணி ஒரே ஒரு காட்சியில் வந்து விஷம் குடித்துச் செத்துப்போவாள். டைட்டிலில் அவள் பெயரே கிடையாது. எத்தனையோ வருஷமாக எனக்கு அது யார் என்று தெரியவில்லை.

“அது யார் என்று எனக்குத் தெரியும்,” என்று அடித்தார். “அது”

அந்த நேரம் பார்த்து மெக்கானிக் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, தன் போனில் எதையோ தட்டினார். சரியாயிடுச்சுக்கா என்றார். என் திரையில் வந்தது: ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. உரையாடல் முடிந்தது.’

அது – யார்?

இவர் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, பார்த்தாயா, சொன்னதும் வந்து சரி பண்ணிவிட்டார்கள் என்று மகிழ்ந்துபோனார்.

மார்ச் 7, வெள்ளி

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று ஒரு பெரியவரின் கண்ணாடியில் இடது லென்ஸை வலதில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் போட்டுக்கொண்டு இரண்டடி வைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. இரண்டாம் ராணிதான் காரணம் என்று யாரிடம் சொல்வது?

மத்தியானம் புதிதாகச் சாட் திறந்தேன். வேறு யாரோ வந்தார்கள். இடிச்சத்தம் என்றேன், மாடல் எண் கேட்டார்கள். மீசை என்றேன், ஃபிரிட்ஜுக்குள் முடி இருக்கிறதா என்று கேட்டார்கள். மூடிவிட்டேன்.

குளிர்காரர் அன்றைக்கு நடுவில் ஒன்று சொல்லியிருந்தார்: அதே கோளாறு ஒரு மாதத்துக்குள் திரும்ப வந்தால் புகார் தன்னிடமேதான் வரும் என்று. கம்பெனி விதியாம். ஆனால் அதை ஏன் இரண்டு தடவை சொன்னார்?

மார்ச் 8, சனி

கண்ணாடி துடைக்கும் துணியை நாலாக மடித்து ஃபிரிட்ஜ் கதவின் ரப்பருக்குள் செருகினால் வெளியே தெரிவதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

தக்காளி போச்சு. இன்னும் ஒரு பாக்கெட் பாலும் போச்சு. இவர் கிடங்கிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் கொண்டுவந்து ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் நோயாளி பக்கத்தில் உட்காருவதுபோல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் புகார் திரும்பப் பதிவாகிவிட்டது.

“மறுபடியும் வந்துவிட்டீர்கள்,” என்று எழுதினார் குளிர்காரர். எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

இரண்டாம் ராணி, அந்தப் படத்தின் மேக்கப்மேன். நடிகை வரவில்லை, செட்டைப் பிரிக்கப்போகிறார்கள், விஷக் கிண்ணம் தயார். மேக்கப்மேன் தனக்குத் தானே மேக்கப் போட்டுக்கொண்டு போய்ச் செத்திருக்கிறார். முகத்தைப் பாதி மூடிக்கொண்டு அழுததை எல்லாரும் நடிப்பு என்று நினைத்தோம். மீசையை மறைத்திருக்கிறார் மனுஷர்.

கடையில் நாள் முழுக்கச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பவர் பார்க்க வந்த ஒரு அம்மா, தான் தப்பாகப் படித்ததற்குத்தான் சிரிக்கிறேன் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 13, வியாழன்

மாட்டிக்கொண்டேன்.

மெக்கானிக் கதவு ரப்பரைத் தடவிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்று, இரண்டு விரலால் துணியை இழுத்து எடுத்தார். மஞ்சள் துணி. எங்கள் கடைப் பெயர் கொட்டை எழுத்தில். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அக்கா, இது என்ன பார்ட்டுன்னு எனக்குத் தெரியல.”

அவர் தன் கண்ணாடியைக் கழற்றி அந்தத் துணியால் நிதானமாகத் துடைத்தார். கண்ணாடியின் ஒரு பக்கக் காது ஆடிக்கொண்டிருந்தது. கொடுங்க தம்பி என்று வாங்கி, பையிலிருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரால் முறுக்கி, மூக்குப் பட்டையையும் நிமிர்த்திக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். விழவில்லை.

போனில் ஏதோ எழுதினார். ‘காரணம் தெரியவில்லை. ஒரு வாரம் கண்காணிக்கவும்.’ ஒரு வாரம் சாட் திறந்தே இருக்கும். போகும்போது மட்டும் சொன்னார்: “எதுக்குன்னு நான் கேக்கலக்கா. ஆனா பால் பாவம்.”

மார்ச் 18, செவ்வாய்

இவருக்குத் தெரிந்துவிட்டது – துணி விஷயம் இல்லை, சாட் விஷயம். என்ன இவ்வளவு நேரம் கம்பெனிக்காரனோடு பேசுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். ஆணா பெண்ணா என்றார். தெரியாது என்றேன். வயசு? தெரியாது. போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் படித்தார். நான் பயந்ததுபோல அவர் கோபப்படவில்லை. பரிதாபமாகப் பார்த்தார்.

“இது மனுஷனே இல்ல. மெஷின். இப்ப எல்லாக் கம்பெனியிலயும் இதத்தான் வச்சிருக்காங்க.”

மெஷினுக்கு எப்படி மீசைக் கதை தெரியும் என்றேன். மெஷினுக்குத்தான் எல்லாம் தெரியும் என்றார். இத்தனை நாளில் ஒரு தப்பாவது சொல்லியிருக்கிறதா, மனுஷன் என்றால் ஒரு தப்பாவது பண்ண வேண்டாமா என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு தப்புகூடச் சொன்னதில்லை.

வேண்டுமென்றே ஒரு பொய்யை அடித்துப் பார்த்தேன்: வாட்ச் கட்டிய சக்கரவர்த்தி அந்தப் படத்தில் குதிரையிலிருந்து விழுந்து சாவார் என்று. புள்ளிகள் ஆடின. “இல்லையே. யானையிலிருந்து. நீங்கள் களைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.”

அன்பாகத்தான் சொல்கிறது. சொல்கிறதா? சொல்கிறாரா? ஒரு மெஷினுக்காகவா நான் வீட்டுக்காரர் தண்ணீரில் மண்ணைப் போட்டேன்? நேராகக் கேட்டுவிடலாம். கேட்டு, ஆமாம் என்று வந்துவிட்டால்?

கேட்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

கண்காணிப்பு முடிந்தது. சாட் மூடிவிட்டது. துணி செருகவில்லை. இவர் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆஹா என்றார். குடிக்கட்டும்.

மார்ச் 24, திங்கள்

இன்று ஒரு விசித்திரம். நான் கடைக்குக் கிளம்பும் நேரத்தில் மெக்கானிக் வந்து நிற்கிறார். புகார் வந்திருக்கிறதாம். நான் கொடுக்கவில்லை என்றேன். என்னை நம்பாமல் நேரே போய்க் கதவு ரப்பரை முழுக்கத் தடவினார். ஒன்றும் இல்லை. தெர்மாமீட்டரைப் பார்த்தார். ஜம்மென்று இருக்கிறது. போனைக் காட்டினார்: ‘இடிச்சத்தம் தொடர்கிறது.’

சத்தியமாக நான் இல்லை. இவரும் இல்லை, இவருக்கு இப்போது ஃபிரிட்ஜ்மேல் உயிர்.

அப்படியென்றால்?

மெக்கானிக்தான் முதலில் சிரித்தார். “அக்கா, அந்தப் பக்கமும் யாரோ துணி வைக்கிறாங்க.”

மெஷின் இப்படிச் செய்யுமா? ஒரு மெஷின் பொய்ப் புகார் போடுமா? கடைக்குப் போகும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். எதிரே வந்த ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார்.

மார்ச் 25, செவ்வாய்

மூன்றாம் முறை என்பதால் புகார் கம்பெனி மேலிடத்துக்குப் போய்விட்டதாம். எனக்கு இது நல்லதாகப் படவில்லை.

மார்ச் 31, திங்கள்

நினைத்தபடியே ஆயிற்று. மூன்று முறை சரியாகாத ஃபிரிட்ஜை விதிப்படி மாற்றிக் கொடுத்தே ஆக வேண்டுமாம். புதன்கிழமை புது ஃபிரிட்ஜ். இவர் தரையில் கால் பாவாமல் நடக்கிறார். புது ஃபிரிட்ஜ் என்றால் புதுக் கணக்கு, வேறு ஆள். எங்கள் சாட் இன்றோடு சரி.

கடைசி நாளில் குளிர்காரர் இப்படி நடந்துகொள்வார் என்று நினைக்கவில்லை. வணக்கம்கூடச் சொல்லாமல், பத்துக் கேள்வி கேட்டு பத்துக்கும் தானே விடை சொல்லப்போகிறேன், கவனமாகப் படியுங்கள் என்றார். முதல் கேள்வியே தப்பு. சக்கரவர்த்தி படத்தில் பாட்டு ஒன்பது என்கிறார். எட்டு! எனக்கு வரிசையாகத் தெரியும். இரண்டு ராணி படத்தில் ராணிகள் எத்தனை என்று கேட்டு, ஏழு என்கிறார். ஏழா? கோட்டைச் சண்டைப் படத்தில் வாள்சண்டை எத்தனை? பூஜ்யமாம்! படம் முழுக்க வாள்சண்டைதானே ஐயா!

ஒவ்வொன்றுக்கும் திருத்தம் அடித்தேன். திருத்தத் திருத்த, “இல்லை. ஏழுதான். தயவுசெய்து ஏழு என்றே வைத்துக்கொள்ளுங்கள்” என்று பிடிவாதம். எனக்குத் தாங்கவில்லை. உங்களுக்கு ஒன்றுமே தெரியாது, நீங்கள் மெஷின்தான், இப்போது மெஷினும் கெட்டுப்போச்சு என்று அடித்துவிட்டேன்.

புள்ளிகள் ஆடின. ஆடிக்கொண்டே இருந்தன. “நான் சொன்ன விடைகளை மறக்காதீர்கள்” என்று மட்டும் வந்தது. பிறகு மூடிவிட்டது.

இப்படியா முடியணும்?

ஏப்ரல் 2, புதன்

புது ஃபிரிட்ஜ் வந்தது. சத்தமே இல்லை. பழையதை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசல் வரைக்கும் போய் நின்றேன். அடுத்த வீட்டுக்காரி, ஒரு ஃபிரிட்ஜுக்கா அழுகிறாய் என்றாள். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 5, சனி

மூன்று நாளாக நான் சரியாகப் பேசவில்லை என்று இவருக்குக் கவலை. சும்மா இருந்தவர் என் போனை எடுத்து அந்தக் கடைசிச் சாட்டைப் படிக்க ஆரம்பித்தார். பழைய படம் என்றால் டைட்டில் முடிவதற்குள் குறட்டை விடுகிற மனுஷர். இரண்டு தடவை படித்தார். கிடங்கில் பெட்டி எண்ணுகிற பழக்கம். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார்.

“ஏம்மா, இவன் சொன்ன பத்து விடையும் நம்பராவே இருக்கு, பாத்தியா? எல்லாம் ஒரே இலக்கம். பத்து இலக்கம் சேந்தா என்ன?”

எனக்கு விளங்கவில்லை.

“போன் நம்பர். நம்பரா அடிச்சா நட்சத்திரமாயிடும்னு நீதானே சொன்ன. எழுத்துல நேரா எழுதினா மேலிடத்துல பாத்துடுவாங்க.”

போனைப் பிடுங்கி நானே அடித்தேன். எட்டு, இரண்டு... மணி அடித்தது. ஒரு சிமென்ட் கடை. எத்தனை மூட்டை வேண்டும் என்று கேட்டார்கள். இவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் திருத்திய எண்களை அடித்திருக்கிறேன். அப்படித்தானே அடிக்க முடியும்? அந்தப் படத்தில் எட்டுப் பாட்டுத்தான்!

இவர் போனை வாங்கி, தப்பு விடைகளை வரிசையாக அடித்து, ஸ்பீக்கரில் போட்டார். சரியான விடைகளுக்கு ஒரு சிமென்ட் கடை கிடைத்தது. தப்பான விடைகளுக்கு ஒரு பெண் குரல் கிடைத்தது. நான் யார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“ஓ, ஃபிரிட்ஜ் அம்மாவா? ஒரு மாசமா இந்த வீட்ல உங்க பேச்சுதான். இருங்க, கூப்பிடறேன். அஞ்சு நாளா போனையே பாத்துட்டு உக்காந்திருக்கார்.”

குளிர்காரரின் மனைவி. குளிர்காரருக்கு ஐம்பத்தெட்டு வயசாம். கணக்குப் பிரிவை மூடியபோது சாட்டுக்குத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். இரண்டே விரலால் அடிப்பாராம், அதனால்தான் அவ்வளவு புள்ளிகள். பொய்ப் புகாருக்கு எச்சரிக்கை வாங்கி இப்போது வாஷிங்மெஷின் பிரிவில் இருக்கிறார். இதையெல்லாம் மனைவிதான் சொன்னார். அவர் லைனுக்கு வந்ததும் இரண்டு பேரும் ஹலோ ஹலோ என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். குரல் இருக்கும் என்று இருவருமே நினைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. கடைசியில் அவர் சொன்னார்:

“எட்டுன்னு எனக்கும் தெரியும்மா. ஒன்பதுன்னு அடிச்சதை மூணு தடவை அழிச்சேன்.”

ஏப்ரல் 20, ஞாயிறு

குளிர்காரரும் அவர் மனைவியும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர் ஒல்லியாக, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு இருந்தார். அடுப்படியில் எனக்கு வெங்காயம் உரித்துக்கொடுத்துக்கொண்டே, நாடக மேடையில் மழை பெய்ய வைத்தது அரிசியாலா மணலாலா என்று ஆரம்பித்தார். அரிசி என்றேன். மணல் என்றார். குரல் உயர்ந்துகொண்டே போனது. இவ்வளவு சந்தோஷமாக நான் யாரோடும் சண்டை போட்டதில்லை.

நடுவில் முன்னறையிலிருந்து சிரிப்பு. முதலில் கவனிக்கவில்லை. மறுபடியும் சிரிப்பு, இம்முறை விழுந்து விழுந்து. இவர் அப்படிச் சிரித்து நான் எத்தனை வருஷமாகக் கேட்டதில்லை! மழையை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பேரும் என்னவென்று பார்க்கப் போனோம்.

இவரும் அந்த அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களுக்கும் ஒரு சாட் திறந்துவிட்டது போலிருக்கிறது.