வீட்டுக்கு ஒரு சீட்டு

சைகோன், 15 அக்டோபர் 1967

அன்பு மகள் பொலேத்துக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் இங்கே அப்பாவின் கண்ணைத் தவிர மற்றதெல்லாம் சுகம், மார்செய்யில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாயிருக்க வேண்டுகிறேன். போன மாதம் இந்த ஊரே ஓட்டுப் போட்டது, தெருமுனையில் பெண்கள் ஆவ்சாய் என்கிற பட்டு அங்கி உடுத்தி வரிசையில் நின்றார்கள், பிரெஞ்சுக் காகிதம் வைத்திருக்கிற நமக்கு அதில் இடமில்லை, ஜன்னலில் நின்று பார்த்தபோது இங்கே நம் காரைக்கால்காரர் சங்கத்துக்குத் தலைவர் எடுக்கிற தேர்தல்தான் ஞாபகம் வந்தது. செபமாலை மாதா திருநாளுக்கு மறுஞாயிறு நீ பாவாடையோடு தரையில் உட்கார்ந்து சீட்டு வெட்டித் தருவாய், பிஸ்கோத்து டப்பாவில் ஆண்கள் போடுவார்கள், நாங்கள் வடை சுடுவோம். அந்த எண்ணெய் வாசனை இப்போதும் மூக்கில் நிற்கிறது, உன்னைத்தான் காணோம்.

இந்த வருஷம் மாரி-ரோஸ் வந்து சீட்டு கேட்டாள். அவள் புருஷன் பிப்ரவரியில் இறந்துபோனது உனக்கு எழுதியிருந்தேனே. வீட்டுக்கு ஒரு சீட்டு, அதுவும் ஆண் கையில் என்பதுதானே வழக்கம், தலைவராகிய உன் அப்பா மறுத்துவிட்டார். பெண்களுக்கு இதில் என்ன தெரியும், இத்தனை வருஷத்தில் நம் தேர்தலில் யாராவது குறை சொன்னதுண்டா என்று சபையில் பெருமையாகக் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காப்பிக் கூஜாவோடு நின்றபடியே, "அஞ்சு வருஷமா நம்ம வீட்டுச் சீட்டை எழுதுறது நான்தான்" என்று சொல்லிவிட்டேன். கண் மங்கியதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. சபையில் ஒரே சலசலப்பாகி, தேர்தல் ஒரு வாரம் தள்ளிப்போனது.

மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. நாலாம் நாள், சொன்ன பெயரைத்தான் எழுதினாயா என்று கேட்டார். ஒரே ஒரு தடவை இல்லை என்றேன். தனக்குத் தானே போட்டுக்கொள்வது மரியாதையில்லை என்று எதிராளி பிரான்சுவா பெயரை எழுதச் சொல்வாரே, நீ கப்பலேறிய வருஷம் மட்டும் நான் அகுஸ்தேன் என்று அப்பா பெயரையே எழுதிவிட்டேன். அந்த வருஷம்தான் அப்பா ஒரே ஓட்டில் முதன்முதலாகத் தலைவரானார். வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

இன்று பூசை முடிந்ததும் என் கையைப் பிடித்தபடி போய் மாரி-ரோஸிடம் தானே சீட்டு கொடுத்தார். எனக்கும் ஒன்று. இனி தேர்தல் கெட்டது என்று இரண்டு பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள், போன வருஷம்வரை அவர்களைப்போல் திருப்திப்பட்டவர்கள் கிடையாது. அப்பா தன் சீட்டில் பிரான்சுவா என்றே எழுதச் சொன்னார், அப்படியே எழுதினேன். என் சீட்டில் எழுதியதை அவரிடம் சொல்லவில்லை, உனக்கும் சொல்ல மாட்டேன்.

குழந்தைக்குக் கம்பளி போடு. அங்கே ஓட்டு வரும்போது உன் சீட்டை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிடாதே. மாதா உங்களைக் காப்பாளாக.

உன் அம்மா,
ரோஸ் அகுஸ்தேன்