ஷிமென் கோயில் மேடையில் மூன்று நாள்

ஷெங்ஜோ, கான்ஷி கிராமம்
2011 நவம்பர் 6

திருமதி சியென் யூச்சின் அவர்களுக்கு,

ஷிங்ஹுவா எழுதுவது. எந்த ஷிங்ஹுவா என்று யோசிக்க வேண்டாம். உங்கள் நாடகக் குழுவில் உடைப்பெட்டி பார்த்தவள். நாற்பத்தொன்பது வருடமாக உங்களுக்கு ஒரு வரி எழுதாதவள். என் எழுத்து கோணலாக இருக்கும். முதியோர் வகுப்பில் மூன்று குளிர்காலம் படித்த எழுத்து இது. புரியாவிட்டால் உங்கள் மகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

நலமா என்று கேட்கப்போவதில்லை. ஹாங்ஜோவில் மகள் வீட்டில், லிஃப்ட் வைத்த கட்டடத்தில் இருப்பவர்கள் நலமாகத்தான் இருப்பார்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஊர்க் கிழங்களை எல்லாம் பஸ்ஸில் ஏற்றி, நகரில் புதிதாகத் திறந்த அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். மூங்கில் கூடை, காகித வெட்டு, மண்பொம்மை என்று வரிசையாக இருந்தன. எனக்கு அதெல்லாம் புதிதா? நாடகக் கூடத்துக்குள் நுழைந்ததும்தான் கால் நின்றுவிட்டது. உங்கள் நீல அங்கி கண்ணாடிக்குள் கையை விரித்துக்கொண்டு தொங்குகிறது. இடது கை மடிப்பில் எலி கடித்த இடத்தை ஒட்டுப்போட்டது நான். நீல நூல் தீர்ந்துபோய்ப் பச்சை நூலால் தைத்தேன். அதைக்கூட 'அரிய வண்ணப் பின்னல்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அங்கிக்குக் கீழே சின்ன ராஜா. நம் மரப்பொம்மை. மல்லாக்கக் கிடக்கிறார்! மேடையில் கைக்குழந்தையாக நடித்து முடித்ததும் அவரை வணங்கி, பெட்டிக்குள் குப்புறத்தான் படுக்க வைக்க வேண்டும். இது நம் குழுவில் சோறாக்குகிறவளுக்குக்கூடத் தெரியும். மல்லாக்கக் கிடந்தால் விழித்துக்கொள்வார், விழித்தால் தன் இடத்தில் வேறு யார் படுத்தது என்று தேடுவார்.

இதையாவது பொறுத்துக்கொள்வேன். பக்கத்தில் ஒரு பலகை. 1962 புத்தாண்டில் ஷிமென் கோயில் மேடையில் பொம்மை வந்து சேராததால் நடிகை சியென் யூச்சின் நிஜக் குழந்தையோடு நடித்தாராம், குழந்தை வீறிட்டு அழ ஊரே அழுததாம், அது 'இனிய நினைவாம்'.

இனிய நினைவு. என் ஆலின் நாலு மாதக் குழந்தை. புத்தாண்டின் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை, மூன்று மதியமும் பனிமழைச் சாரலில் உங்கள் கையில் கிடந்தாள். ஆறாம் நாள் போய்விட்டாள். அது அந்தப் பலகையில் இல்லை.

அந்தப் பலகை மாற வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன், உங்கள் மேல் பாசம் வந்து அல்ல.

லோ ஷிங்ஹுவா

—

ஹாங்ஜோ
2011 நவம்பர் 19

என் தங்கை ஷிங்ஹுவாவுக்கு,

உன் கடிதத்தை மகளிடம் கொடுக்கவில்லை. நானே பூதக்கண்ணாடி வைத்து இரண்டு நாளாகப் படித்தேன். உன் எழுத்து கோணலாக இல்லை.

தப்பு என்னுடையதுதான். வீடு மாறும்போது மகள் லிங் என் பெட்டியை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, மேடையில் ஒரு குழந்தை அழுத கதையை அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். முடிவைச் சொன்னதில்லை. பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? அவள் தனக்குத் தெரிந்ததை அங்கே சொல்லியிருக்கிறாள்.

பலகையில் என்ன எழுத வேண்டும் என்று நீயே சொல். அப்படியே செய்யச் சொல்கிறேன்.

எனக்கு எழுபத்தொன்பது ஆகிறது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. இதயத்தில் ஏதோ ஒரு கதவு சரியாக மூடவில்லையாம். ஜனவரிக் கடைசியில் வரும் நம் புத்தாண்டு முடிந்ததும் ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். உனக்கு இருமல் வரும் காலம் இது. உலர்ந்த லாங்கன் பழம் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். சிவப்புச் சர்க்கரை போட்டுக் கொதிக்க வைத்துக் குடி.

உன் அக்கா
யூச்சின்

—

கான்ஷி
2011 நவம்பர் 30

திருமதி சியென் யூச்சின் அவர்களுக்கு,

லாங்கன் பழத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எடை குறைவாக இருக்கும். நான் பார்ப்பதற்குள் பேத்தி பிரித்து ஒரு கை தின்றுவிட்டாள். நான் தொடவில்லை.

என் இருமலை நினைவு வைத்திருக்கிறீர்கள். நானும் சிலதை நினைவு வைத்திருக்கிறேன். ஷிமெனில் முதல் நாள், உங்கள் அங்கிக் கைகளில் தொங்கும் நீண்ட கைத்துணிகளைக் கரிப்பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆலின் உடைப்பெட்டியின் மூடிமேல் தூங்கிக்கொண்டிருந்தாள். சின்ன ராஜாவின் பெட்டி ஏறிய படகு ஆற்றில் உறைபனியில் மாட்டிக்கொண்டது. குழுவை நடத்திய பெய் அண்ணன் கத்திக்கொண்டிருந்தார். "கொழந்தை இல்லாம எப்படிடி கதாநாயகி புருஷன் வீட்டு வாசல்ல நிப்பா? தலையணையத் தூக்கிட்டு நிப்பாளா? ஊரே சிரிக்கும்!" நான் திரும்பிப் பார்க்கும்போது மூடிமேல் பிள்ளை இல்லை. என் பிள்ளையின் அழுகுரல் மேடையிலிருந்து கேட்டது. கரிப்பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். வெள்ளைக் கைத்துணியில் பழுப்பாகக் கருகிய அடையாளம் விழுந்தது. அதற்கும் என்னைத்தான் திட்டினீர்கள்.

சின்ன ராஜாவின் இடத்தில் உயிருள்ள பிள்ளையைக் கிடத்தக் கூடாது. உங்களுக்குத் தெரியாதா?

நேற்று அருங்காட்சியகத்துக்கு மறுபடி போனேன், தனியாக, இரண்டு பஸ் மாறி. அங்கே வெய் என்று ஒரு பெண் இருக்கிறாள். முடியைப் பையன் மாதிரி வெட்டியிருக்கிறாள், ஆனால் பெரியவர்களுக்கு நாற்காலி போடத் தெரிந்தவள். பொம்மையைத் திருப்பிப் போடு என்றேன்.

"பாட்டி, கவுத்துப் போட்டா மொகமே தெரியாதே. வர்றவங்க என்னத்தப் பாப்பாங்க?"

"முதுகப் பாக்கட்டும். அதையும் செதுக்கித்தானே வெச்சிருக்கான்?"

சிரித்துவிட்டாள். திருப்பியும் போட்டாள். ஆனால் பலகை என்றதும் முகம் மாறிவிட்டது. "அது கொடுத்தவங்க சொன்ன தகவல் பாட்டி. அவங்க கையெழுத்து இல்லாம ஒரு எழுத்தைக்கூட நான் மாத்த முடியாது." நான் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதித் தந்தாள். இத்துடன் இருக்கிறது. அதில் உள்ளது இதுதான்: 'நடிகை சியென் யூச்சின், தாயைக் கேட்காமல், ஆலின் என்ற நான்கு மாதக் குழந்தையை மூன்று நாள் மேடைக்குத் தூக்கிச் சென்றார். அந்தக் குளிரில் குழந்தை இறந்தது.'

கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இல்லையென்றால் முடியாது என்று எழுதுங்கள். மழுப்ப வேண்டாம்.

லோ ஷிங்ஹுவா

—

ஹாங்ஜோ
2011 டிசம்பர் 14

அன்புத் தங்கை ஷிங்ஹுவா,

கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்து, தாளை இந்த உறையில் வைத்திருக்கிறேன். நேராக வெய்யிடம் கொடுக்கலாம். லிங் படித்துவிட்டு அழுதாள். "அம்மா, நெஜமாவா? நீயா?" என்றாள். ஆமாம் என்றேன். அதோடு விடு.

பலகை உன் விருப்பப்படியே இருக்கட்டும். இனி எழுதுவது உனக்கு மட்டும். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

முதல் நாள் நீ சொன்னபடிதான். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் தரமாட்டாய் என்று தெரிந்தே தூக்கினேன்.

அன்று ஆட்டம் முடிந்ததும் ஷிமென் பெண்கள் மேடைக்குப் பின்னால் வந்தார்கள். ஒரு கிழவி, பல்லே இல்லாதவள், ஆலினின் கன்னத்தைத் தொட்டு, "அழுத புள்ளையப் பெத்தவ யாரு? எலும்பும் தோலுமா இருக்கியே! இந்தா, தின்னு, பால் ஊறட்டும்" என்று மடியிலிருந்து இரண்டு முட்டை எடுத்து உன் கையில் வைத்தாள். அந்தப் பஞ்ச வருடத்தில் முட்டை என்றால் என்னவென்று நமக்குத்தானே தெரியும். குழுவில் நமக்குச் சர்க்கரைவள்ளிக் கொடியைப் போட்ட கஞ்சி. உனக்கு எட்டு நாளாகப் பால் வற்றிப்போயிருந்தது. ஆலின் உன் விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் காலையில் படகு வந்துவிட்டது. பெட்டியைத் திறந்தது நீ. நான் உனக்குப் பின்னால் சீப்பு எடுக்க வந்து நின்றேன். சின்ன ராஜா சிவப்புத் துணிக்குள் குப்புறக் கிடந்தார். நீ பார்த்தாய், மூடியை மூடினாய். "பொம்மை வந்துச்சாடி?" என்று பெய் அண்ணன் கேட்டார். "அதுல இல்லண்ணே. அடுத்த படகுல வருதோ என்னமோ" என்றாய்.

மதியம் ஆலினுக்குச் சிவப்புத் தொப்பி கட்டி நீயே என் கையில் கொடுத்தாய். "அக்கா, தூக்கக் கலக்கத்துல இருக்கா. அழலைன்னா லேசாக் கிள்ளிவிடு" என்றாய்.

நான் கிள்ளினேன், ஷிங்ஹுவா. அன்றும் மறுநாளும். இடது தொடையில். என் விரலுக்கு இன்னும் அது தெரியும்.

நான் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. நீ என்னைத் திட்டிக்கொண்டே இருந்தால் உன்னால் எழுந்து நடமாட முடியும் என்று அப்போது தோன்றியது. திட்டினாய், நடமாடினாய். எனக்கு அது போதுமாக இருந்தது. இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரத்தில், எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியட்டும் என்று ஒரு பேராசை. ஆறேழு முட்டைக்காக ஒருத்தியை யாரும் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. நான் சொல்லமாட்டேன்.

யூச்சின்

—

கான்ஷி
2012 ஜனவரி 3

யூச்சின் அக்கா,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. போடுவதற்காக இரண்டு முறை அடுப்பு வரை போனேன். மருமகள், "அத்தே, அந்த அடுப்பு எரியவே இல்ல, அங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டாள்.

ஆறேழு முட்டை என்று எழுதியிருக்கிறாய். தப்பு. பதினொன்று. முதல் நாள் இரண்டு, இரண்டாம் நாள் நான்கு, மூன்றாம் நாள் ஐந்து. ஒரு துண்டு வெல்லம், உள்ளங்கை அகலம் அரிசிக் கேக். எல்லாவற்றையும் உடைப்பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து நானே தின்றேன். யாருக்கும் பங்கு தரவில்லை, உனக்கும் தரவில்லை. பிள்ளைக்குப் பால் வேண்டுமே என்று சொல்லிக்கொண்டுதான் தின்றேன். ஆனால் கடைசி முட்டையை உரிக்கும்போது பிள்ளையின் நினைவே இல்லை, அக்கா. முட்டையின் வாசனைதான் இருந்தது.

பால் ஊறியது. ஏழாம் நாள். அவள் போன மறுநாள். சட்டை நனைந்து நின்றேன். நீ பார்த்துவிட்டு உன் போர்வையை எடுத்து என்மேல் போட்டாய். அந்தப் போர்வையைத்தான் உன் முகத்தில் வீசி, "கொலைகாரி" என்று குழு முழுவதும் கேட்கக் கத்தினேன்.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. பெட்டியின் மூடியை மூடியதும் நினைவிருக்கிறது. மறந்தேன் என்று நினைத்துவிடாதே. ஒருநாளும் மறக்கவில்லை. அதன்மேல் உன்னை உட்கார வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

நேற்று அந்தத் தாளோடு வெய்யிடம் போனேன். அவள் அதை வாங்கிக் கோப்பில் வைக்கப்போனாள். பிடுங்கி நாலாகக் கிழித்துவிட்டேன். பயந்துவிட்டாள். நாற்காலி போட்டு, வெந்நீர் கொடுத்து, "பாட்டி, பின்ன என்னதான் எழுதணும், சொல்லுங்க" என்றாள்.

"பழைய பலகையத் தூக்கிடு. ஆலின், நாலு மாசம், ஷிமென் மேடையில மூணு நாள் நடிச்சா. இவ்ளோ எழுதினாப் போதும்."

"எதனால செத்துதுன்னு எழுத வேண்டாமா?"

"அதுக்குக் காரணமான ரெண்டு பேரும் இன்னும் உசுரோடதான் இருக்கோம். நாங்க போனப்புறம் எழுதிக்கோ."

கொடுத்தவரின் கையெழுத்து புதிதாக வேண்டும் என்றாள். அந்தத் தாள் உனக்குத் தபாலில் வரும். போட்டுவிடு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் நாளுக்கு உன்னை நான் மன்னிக்கவில்லை. நீ கேட்காமல் தூக்கினாய். கேட்டிருந்தால் தந்திருக்கமாட்டேன், முட்டையும் வந்திருக்காது, இரண்டாம் நாளும் இருந்திருக்காது. அந்த ஒரு நாள் உன்னுடையது. மற்ற இரண்டும் என்னுடையவை. இப்படிப் பங்கு போட்டுக்கொள்வோம். இதற்குமேல் என்னால் இறங்கி வர முடியாது.

இன்னும் ஒன்று இருக்கிறது. கேட்பதற்கு வாய் வராமல் நேற்று இரவிலிருந்து இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆறாம் நாள் காலையில் நீதான் அவளைத் துணியில் சுற்றி, மண்வெட்டியோடு ஷிமென் மலைப்பக்கம் எடுத்துப்போனாய். பெற்றவள் கூடப் போகக் கூடாது என்று என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். வெறுங்கையோடு நீ திரும்பி வந்தபோது உன் செருப்பில் சிவப்பு மண் இருந்தது. எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. உன்னிடம் ஒன்றும் கேட்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். ஒவ்வொரு சிங்மிங் நாளிலும் ஊரே கல்லறைகளுக்குப் போகும். நான் என் கணவர் கல்லறையைக் கூட்டிவிட்டு, மிச்சம் ஒரு ஊதுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தத் திசையைப் பார்த்து அதைக் கொளுத்துவது என்று தெரியாமல் நிற்பேன்.

அந்த இடம் உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும், அக்கா. கோயிலுக்கு எந்தப் பக்கம், எத்தனை தூரம், பக்கத்தில் மரமா பாறையா, எதுவாக இருந்தாலும் சரி. படமாகக் கிறுக்கினாலும் போதும், நான் புரிந்துகொள்வேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் எழுது.

ஷிங்ஹுவா