நெஞ்சில் ஒரு மடிப்பு

அன்புள்ள மகன் ருய்லினுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த மலையில் மூச்சு முட்டாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் முகம் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் பேசினால் உன் பக்கம் நாலு பேர் காதை நீட்டிக்கொண்டு இருக்கிறார்கள், என் பக்கம் உன் அப்பா ஒருவரே நாலு பேருக்குச் சமம். இது நம் இருவருக்குள் இருக்க வேண்டிய பேச்சு.

ஊரில் எல்லாம் வழக்கம்போலத்தான். கோதுமை முழங்கால் உயரம் வந்துவிட்டது, குளிர்காலம் முடிந்ததென்று வீட்டுச் சூடேற்றியை நிறுத்திவிட்டார்கள், நிறுத்திய மறுநாளே குளிர் திரும்பி வந்தது. மாடி வீட்டு திங் அத்தைக்கு முழங்கால் வலி, ஆனாலும் மாலையில் சதுக்கத்தில் ஆடப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. பன்னிரண்டு விலங்கு ஆண்டுச் சுற்றில் நீ பிறந்த குதிரை ஆண்டு திரும்பி வந்திருக்கிறது, உனக்கு இருபத்து நாலு வயது, பிறந்த விலங்கின் ஆண்டில் கண்டம் இருக்கும், சிவப்பு உடுத்தினால்தான் விலகும் என்று ஆறு சிவப்பு உள்ளாடையும் ஆறு ஜோடி சிவப்புக் காலுறையும் அவளே வாங்கி வந்து கொடுத்தாள். "அந்தப் பய மேல பாறை மாதிரி புள்ளிச் சீருடை போட்டுக்கிட்டா போதுமா, உள்ள சாமி காக்க வேண்டாமா" என்று கேட்கிறாள். பார்சலில் வைத்திருக்கிறேன், போட்டுக்கொள், எந்த எதிரியும் அவ்வளவு தூரம் சோதிக்கப் போவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ அனுப்பிய படம், தலைக்கவசமும் கண்ணாடியும் கவச உடுப்பும் மாட்டி, ஒரு காலைப் பாறைமேல் வைத்துக் குனிந்து நிற்கிறாயே, அதை உன் அப்பா கடையில் கொடுத்துக் கதவளவுக்குப் பெரிதாக்கி முன்னறையில் மாட்டியிருக்கிறார். வருகிறவர் போகிறவர் யாரும் அதைப் பார்க்காமல் தேநீர் குடிக்க முடியாது. "எங்க காலத்துல சட்டைப் பொத்தான்தான்யா கவசம், இவனுங்களுக்கு அரசாங்கம் என்னமா செய்யுது பாரு" என்று தம் பழைய பட்டாளக் கதையையும் சேர்த்து விடுகிறார். எல்லாரும் உன் முகத்தைப் பார்த்து ஆகா என்கிறார்கள். நான் உன் முகத்தை அப்புறம்தான் பார்த்தேன். ஆலையில் பத்தொன்பது வருஷமாகக் கவச உடுப்பின் மேலுறையைச் சோதித்துத் தள்ளுகிறவள் நான், என் கண் முதலில் தையலுக்குத்தான் போகும். தையல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நீ குனிந்த இடத்தில் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு மடிப்பு.

குண்டைத் தடுக்க உடுப்புக்குள் வைக்கிற பீங்கான் தட்டு மடியாது, ருய்லின், தட்டினால் கல்போலச் சத்தம் போடும். அட்டைதான் மடியும். அது எந்த அட்டை என்றும் எனக்குத் தெரியும், ஏனென்றால் உடுப்பை அனுப்பும்போது வடிவம் கலையாமல் இருக்க அதைத் தட்டுப் பையில் செருகுகிறவர்கள் நாங்கள்தான். இதை எடுத்துவிட்டுத் தட்டைப் போடவும் என்று அதன்மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்தும் இருக்கிறோம். உன்னைப் பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கு அனுப்பினேன், அதைப் படித்துவிட்டு, எடுக்க வேண்டியதை வைத்துக்கொண்டு வைக்க வேண்டியதை எடுத்திருக்கிறாய். கண்டத்துக்குச் சிவப்புத் துணி, குண்டுக்கு அட்டை, நம் வீட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு பிரமாதம்.

முதலில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு தையல் கோணினால்கூட முழு உடுப்பையும் திருப்பி அனுப்பி தைக்கிற பெண்களை அழவைத்தவள் நான், நான் பெற்ற பிள்ளை வெறும் பையை மாட்டிக்கொண்டு எல்லைக்குப் போகிறான். அப்புறம் நானே ஒன்று செய்து பார்த்தேன். அளவு பார்ப்பதற்காக ஆலையில் இரண்டு மாதிரித் தட்டுகள் இருக்கின்றன, மதிய இடைவேளையில் முன்னும் பின்னும் அவற்றைப் போட்டு உடுப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். இரண்டாம் மாடியில் தோள்பட்டை கழன்றது, மூன்றாம் மாடியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேற்பார்வையாளன் ஷூ பார்த்துவிட்டு, "அக்கா, எந்தப் போருக்குக் கெளம்பிட்டீங்க, சொன்னா நாங்களும் பெட்டி கட்டுவோம்ல" என்றான். சிரிப்பதற்கும் மூச்சு இல்லை. சமவெளியில், காற்று சும்மா கிடைக்கிற ஊரில் எனக்கு இந்தக் கதி. அங்கே நடந்தாலே நாக்கு தள்ளும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால் உன்னைத் திட்டும் உரிமையை அந்த மூன்றாம் மாடியிலேயே விட்டுவிட்டு வந்தேன். ஆனால் பயத்தை விட முடியவில்லை. ராத்திரி கண்ணை மூடினால் அந்த மடிப்புத்தான் வருகிறது.

அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் பெருமையில் மண் போட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இவ்வளவையும் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் வெந்நீர்க் குடுவையோடு வந்து நின்றார். நான் கையால் தாளை மறைத்தேன். "அந்த மடிப்பப் பத்தித்தானே எழுதுற, எழுது எழுது. நான் பாத்து மூணு வாரமாச்சு" என்றார். படத்தை மாட்டிய அன்றே தெரிந்துவிட்டதாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், "நீ தூங்கணும்னுதான்" என்றார். யார் வந்தாலும் படத்தின் நெஞ்சில் கை வைத்து நின்றுதான் அவர் பேசுவார், மகன்மேல் இத்தனை ஆசையா என்று நான் நினைத்திருந்தேன். என் கண்ணில் படாமல் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஆக, மூன்று வாரமாக ஒரே கட்டிலில் இரண்டு பேர் தூங்குவதுபோல நடித்துக்கொண்டு கிடந்திருக்கிறோம்.

இனி நீண்ட பேச்சு வேண்டாம். வெந்நீர் குடி, உதட்டுக்கு எண்ணெய் தடவு, பார்சலில் இருக்கும் மிளகாய் வறுவலைத் தோழர்களுக்கும் கொடு. எந்தக் கெடுதலும் உன்னை அண்டாமல், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் உன்னை வீட்டுப் பக்கமே கொண்டுவரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. வரும் ஞாயிறு பேச வரும்போது கவச உடுப்பை மாட்டிக்கொண்டு வா. ஓய்வு நாளில் இது என்ன கோலம் என்று யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். சாப்பிட்டாயா, குளிருகிறதா என்று நான் எதையும் கேட்கப் போவதில்லை. நீ நெஞ்சில் விரலை மடக்கித் தட்டு, அப்புறம் திரும்பி நின்று முதுகில் யாரையாவது தட்டச் சொல். நானும் அப்பாவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
உன் அம்மா
பான் சூமெய்